விமானியாகும் வழி

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறுவதற்குப் பட்டம் கட்டாயமன்று. 18 வயது நிறைவு, 200 மணிநேரப் பறத்தல், எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி, முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆகியவை இன்றியமையாதன. ஆகவே, மேல்நிலைக் கல்வி முடிந்தவுடன் பறத்தல் பயிற்சிப் பள்ளியில் சேர்வதே நேர்வழி என்பர். அது பிழையன்று, ஆயினும் முழுமையன்று.

விமானியின் பணி மருத்துவச் சான்றைப் பற்றியே நிற்கிறது. குறித்த கால இடைவெளியில் உடற்சோதனை தொடரும். இதயத்திலோ பார்வையிலோ செவியிலோ பெருங்குறை தோன்றின், கற்ற திறன் குன்றாதிருப்பினும் விமானத்தைச் செலுத்த இயலாது. அந்நிலையில் வேறு பணிக்கு வாயில் திறப்பது பட்டமே. வீட்டை அடகுவைத்துப் பயிற்சிக் கட்டணம் செலுத்தும் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று! கட்டணத்திற்கு முன்னரே மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது நன்று. பயிற்சியோடு தொலைநிலைக் கல்வியில் பட்டம் பயில்வோரும் உளர்.