லயத்துக் கோடியில் ஒரு மரத்தக்காளி

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மலைகளில் மா, பலா காய்க்கவில்லையே என்று நம்மவர்கள் குறைப்படுவது வழக்கம். "இந்தக் குளிருக்கு லீக்ஸும் கோவாவும்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். குளிரை விரும்பும் பழமரங்களும் உண்டு. பேரி மரம் ஒன்று, ஆனால் காய்க்கப் பல வருசம் காத்திருக்கணும். கொஞ்ச நிலம் உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது மரத்தக்காளியைத்தான். ஒன்றரை, இரண்டு வருசத்தில் பழம் தரும்.

இதன் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை. நியூசிலாந்துக்காரர் 1967ல் 'தமரில்லோ' என்று பெயர் சூட்டி வியாபாரம் செய்தார்கள். உருளைக்கிழங்கின் குடும்பம் என்பதால், கிழங்கு அழுகின பாத்தியில் இதை வைக்க வேண்டாம்.

விதைக்கன்று ஒற்றைத் தண்டாக நெட்டையாகப் போகும். கம்பு நட்டால் குட்டையாகப் படரும். கிளை சட்டென்று முறியும் மரம் இது; காற்றடிக்கும் மேட்டு லயங்களுக்குக் கம்புதான் நல்லது. நோயில்லாத மரத்தில், ஒரு முழத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள்.

தண்ணீர் வசதி என்று பீலிக்கும் கானுக்கும் பக்கத்தில் நடுகிறார்கள். அங்கேதான் மரம் சாகிறது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே போதும், வேர் அழுகிவிடும். மண்ணை மேடாக்கி நடுங்கள். வேர் மேலாக ஓடுவதால், தேயிலைக்குப் போல அடியில் முள்ளுக் குத்தவும் கூடாது.

கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பழம் புதுக்கிளையில்தான் பிடிக்கும்; ஆகவே பறித்து முடிந்ததும் கவ்வாத்து. அதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை! ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி இளங்கன்றைக் கருக்கிவிடும். சாயந்தரமே சாக்கால் மூடி, வெயில் வந்ததும் எடுங்கள்.

நன்றாகச் சிவந்த பழத்தையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தோல் கசக்கும். அப்படியே கடித்த பிள்ளை மறுபடி தொடாது. கொதிநீரில் ஒரு நிமிசம் போட்டால் தோல் உரியும். சீனி போட்டுக் கரைத்தும் குடிக்கலாம், சம்பலும் அரைக்கலாம். விட்டமின் சி உள்ள பழம்.

"நிலம் நம்ம பேரில் இல்லையே, மரம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானது. ஆனால் இது பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் பலா அல்ல. நிலப் பேச்சு முடியும் முன்னமே உங்கள் பிள்ளை பழம் தின்றுவிடும்.

பக்கத்து மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும் நாளைக் கங்காணியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பழுத்ததை முதல் நாளே பறித்துவிடலாம்.