வாயுக் கிணறும் கூட்டு ஒப்பந்தமும்

கூட்டுறவு என்பது கடன் வழங்குவதற்கும், நூல் கொள்முதல் செய்வதற்கும், விளைபொருளை ஒருங்கே விற்பதற்கும் மட்டுமே ஏற்பட்டது என்று கருதுவோர் நம்மிடையே உளர். தனி ஒருவரால் பேரம் பேச இயலாத பெரிய கம்பெனியுடன் பலர் ஒன்று கூடிச் சமநிலையில் பேசுவதும் கூட்டுறவின் பயனேயாகும். அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் குடியானவர்கள் சிலர் இம்முறையைக் கையாண்டு நன்மை பெற்றனர். வேறு சிலர் கையாளாது துன்புற்றனர். இயற்கை வாயு எடுக்கும் தொழிலையொட்டி எழுந்த அந்நிகழ்ச்சிகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிலமும் நிலத்தடியும்

பூமியிலிருந்து எண்ணெய் எடுப்பது பென்ஸில்வேனியாவுக்குப் புதிதன்று. 1859-ம் ஆண்டில் டைட்டஸ்வில் என்னும் ஊரருகே தோண்டப்பட்ட கிணறே அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் தொடக்கம் என்பர். அந்த ராஜ்யத்தின் பெரும்பகுதியில், பல ஆயிரம் அடி ஆழத்தில், 'மார்ஸெல்லஸ்' எனப்படும் களிப்பாறைப் படிவம் உள்ளது. அதில் வாயு அடங்கியிருப்பது முன்பே தெரிந்ததாயினும், இறுகிய பாறையிலிருந்து அதை வெளிக்கொணர்வது இலாபம் தரவில்லை. 2004-ம் ஆண்டில் வாஷிங்டன் ஜில்லாவில் நடந்த ஒரு சோதனை வெற்றி பெற்ற பின்னரே நிலைமை மாறியது.

இதன் முறை பின்வருமாறு: முதலில் செங்குத்தாகத் துளையிட்டுச் செல்வர். பாறையை அணுகியதும் துளையைப் படுக்கைவாக்கில் திருப்பி மேலும் பல ஆயிரம் அடி கொண்டுசெல்வர். பின்பு நீர், மணல், சில இரசாயனப் பொருள்கள் ஆகியவற்றைப் பேரழுத்தத்துடன் செலுத்திப் பாறையில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குவர். அவற்றின் வழியே வாயு வெளிவரும். ஒரு கிணற்றுக்கு 40 இலட்சம் காலன் நீர்கூடத் தேவைப்படுவதுண்டு. திரும்பி மேலே வரும் நீர் மிகுந்த உப்பும் இரசாயனமும் கலந்தது. வயலிலோ ஓடையிலோ விடத் தகாதது. குடிநீர் ஊற்றுள்ள மேல் அடுக்கைத் துளை கடந்து செல்லுமிடத்தில் இரும்புக் குழாய்களும் சிமெண்டுப் பூச்சும் காவலாக அமைகின்றன. இக்காவலில் பழுது ஏற்பட்டால் வாயு குடிநீரில் புகும்.

அங்கு நிலத்தடி வாயு, முன்னரே வேறொருவருக்கு விற்கப்பட்டிராவிடில், நிலத்தின் சொந்தக்காரருக்கே உரியது. ஆகையால் கம்பெனி அவரிடம் குத்தகை பெற வேண்டும். குத்தகையில் இரு வரும்படிகள் உண்டு. ஒன்று, ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முன்பணம். மற்றொன்று, வாயு விற்பனையில் கிடைக்கும் 'ராயல்டி' என்னும் உரிமைப்பங்கு. இப்பங்கு எட்டில் ஒன்றுக்குக் குறையலாகாது என்பது 1979-ம் ஆண்டுச் சட்டம்.

தனித்தனியே கையெழுத்திட்டவர்கள்

ஸஸ்குஹானா ஜில்லாவில் டிமாக் என்னும் சிற்றூர் உண்டு. கறவை மாடு வளர்ப்பும் கல் வெட்டும் தொழிலும் நடைபெறும் பகுதி அது. 2006-ம் ஆண்டு முதல் காபட் என்னும் எண்ணெய், வாயுக் கம்பெனியின் ஆட்கள் அங்கு வீடு வீடாகச் சென்று குத்தகை கேட்டனர். ஏக்கருக்கு 25 டாலர் மட்டும் பெற்றுக் கையெழுத்திட்டவர்கள் உண்டு. அண்டை வீட்டார் என்ன பெற்றார், எந்த ஷரத்தைக் கேட்டார் என்பதை ஒருவர்க்கொருவர் அறியாமலேயே பலர் இசைந்தனர்.

2009-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி அவ்வூரில் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணற்றில் தேங்கிய வாயு வெடித்து, மேலிருந்த கான்கிரீட் மூடி சிதறியது. கம்பெனியின் கிணறுகளிலிருந்தே வாயு குடிநீரில் கலந்தது என ராஜ்யத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா முடிவு செய்தது. அப்பகுதிக் குடிநீரில் இயல்பாகவே வாயு உண்டு என்று கம்பெனி வாதிட்டது. துளையிடுவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இருந்திருப்பின் இவ்வழக்கு விரைவில் தீர்ந்திருக்கும். 2010-ம் ஆண்டில் 19 வீட்டாருக்கு 41 இலட்சம் டாலர் வழங்கக் கம்பெனி இசைந்தது. அக்கம்பெனியின் வாரிசான கோட்டெரா, 2022 நவம்பரில் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், புதிய குடிநீர்க் குழாய்த் திட்டத்துக்காக 1 கோடியே 62 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் செலுத்த உடன்பட்டது. வெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் இந்த ஏற்பாடு வந்தது. இவ்விடைக்காலத்தில் சில குடும்பங்கள் நீரை வெளியிலிருந்து வரவழைத்துக் காலங்கழித்தன.

ஒன்று கூடியவர்கள்

அதே ஜில்லாவில் பிரெண்ட்ஸ்வில் பகுதியைச் சேர்ந்த நிலச் சொந்தக்காரர்கள் வேறு வழியைக் கையாண்டனர். தங்கள் நிலங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, ஒரே ஒப்பந்தம் பேசினர். 2009-ம் ஆண்டில் பார்ச்சூனா என்னும் கம்பெனி அவர்களுக்கு ஏக்கருக்கு 5,500 டாலர் முன்பணமும் 20 சதவிகித ராயல்டியும் தர இசைந்தது. நூறு ஏக்கர் உடையவருக்கு முந்திய விகிதப்படி 2,500 டாலர். பிந்தியதன்படி 5,50,000 டாலர். இவ்வேறுபாடு முழுவதும் ஒற்றுமையால் விளைந்தது என்று கூறுதல் பொருந்தாது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பாறையின் மதிப்பு யாவருக்கும் தெரிந்துவிட்டது. ஆயினும், ஏலம் கேட்பவர் பலராயிருக்க, விற்பவர் ஒரே குழுவாக நின்றது பேரளவு பயன் தந்தது என்பதில் ஐயமில்லை.

கம்பெனிக்கும் இதில் நன்மை உண்டு. படுக்கைவாக்கில் செல்லும் துளைக்கு இடைவெளியற்ற நிலப்பரப்பு வேண்டும். நடுவே ஒருவர் மறுத்தால் திட்டமே கெடும். நூறு பேருடன் நூறு முறை பேசுவதைவிட ஒரு குழுவுடன் ஒருமுறை பேசுவது செலவு குறைந்தது. பின்னர் வழக்குகளும் குறையும். இரு தரப்பாருக்கும் ஆதாயம் இருப்பதனாலேயே ஒத்துழைப்பு நிலைக்கிறது.

கேட்க வேண்டிய ஷரத்துகள்

இத்தகைய நிலக்குழுக்கள் முன்பணத்தை மட்டும் பேசவில்லை. அவை வற்புறுத்திய ஷரத்துகளில் முக்கியமானவை வருமாறு:

1. துளையிடுமுன் நீர்ப் பரிசோதனை. ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றின் நீரையும், கம்பெனியைச் சாராத பரிசோதனைச்சாலை ஆராய வேண்டும். அறிக்கையின் பிரதி ஒன்று நிலச் சொந்தக்காரரிடம் இருத்தல் வேண்டும்.

2. இடம். கிணற்று மேடை, சாலை, குழாய்ப் பாதை ஆகியவை சொந்தக்காரரின் சம்மதமின்றி அமையலாகாது.

3. கழிவுநீர். அதைத் திறந்த குட்டையில் தேக்காமல் மூடிய தொட்டிகளில் வைத்து அகற்ற வேண்டும்.

4. ராயல்டிக் கணக்கு. வாயுவைச் சுத்திகரிக்கவும் கொண்டுசெல்லவும் ஆகும் செலவைக் கழித்த பின்னரே பங்கு கணக்கிடலாம் என்று 2010-ம் ஆண்டில் பென்ஸில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதாரணமாக, 100 டாலர் வாயுவுக்குச் செலவு 40 டாலர் எனில், எட்டில் ஒரு பங்கு 12.50 அன்று, 7.50 மட்டுமே. ஆகவே "செலவு கழிக்கலாகாது" என்ற சொற்களை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம்.

5. தணிக்கை உரிமை. கம்பெனியின் விற்பனைக் கணக்கைப் பார்வையிட உரிமை இருத்தல் வேண்டும்.

6. முடிவு. கிணறு வற்றியதும் அதை முறைப்படி அடைத்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பிணைத்தொகை வேண்டும். பழைய நாட்களில் தோண்டிக் கைவிடப்பட்ட கிணறுகள், இருக்குமிடமும் தெரியாமல், அந்த ராஜ்யத்தில் ஏராளமாக உள்ளன. அவற்றை அடைக்கும் செலவு இன்று பொதுப்பணத்தின் மீது விழுகிறது.

சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கும் பணியிலுள்ளவன் என்ற முறையில், ஐந்தாவது ஷரத்தை அங்கத்தினர்களுக்கு விசேஷமாக நினைவூட்ட விரும்புகிறேன். பங்கு எவ்வளவு உயர்ந்ததாயினும், அளவையும் விலையையும் ஒரு தரப்பார் மட்டுமே எழுதுவாராயின், மறு தரப்பார் பெறுவது அவர் கொடுத்ததே தவிர, தமக்கு உரியது அன்று.

சட்டமும் வெளித் தணிக்கையும்

2012-ம் ஆண்டில் பென்ஸில்வேனியா இயற்றிய 13-வது சட்டம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. களிப்பாறை வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள குடிநீர், வேலை முடிந்த 12 மாதங்களுக்குள் கெடுமாயின், கம்பெனியே காரணம் என அச்சட்டம் அனுமானிக்கிறது. முன்பே நீர் கெட்டிருந்தது என்று பரிசோதனை அறிக்கையால் நிரூபித்தால் கம்பெனி விடுபடலாம். சொந்தக்காரர் பரிசோதனைக்கு இடங்கொடாவிடில் அந்த அனுமானத்தின் காவல் அவருக்குக் கிட்டாது. இதனால் நீரைப் பரிசோதிப்பது இரு தரப்பாருக்கும் கடமையும் பாதுகாப்பும் ஆயிற்று.

2013-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் செவ்ரான், ஷெல் முதலிய கம்பெனிகளும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கங்கள் சிலவும் கூடி ஓர் அமைப்பை நிறுவின. கழிவுநீரில் 90 சதவிகிதத்தை மீண்டும் பயன்படுத்துவது உள்ளிட்ட 15 விதிகளை வகுத்து, வெளியார் தணிக்கைக்கு உட்பட இசைந்தன. நல்ல முயற்சியே, ஆனால் அதில் சேர்வது கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தது. விருப்பத்தால் ஏற்கும் விதி, குடியானவரின் ஒப்பந்தத்துக்கு மாற்றாக மாட்டாது.

குழுவுக்கு வெளியே இருப்பவர்

ஒரு குறையையும் மறைத்தலாகாது. குத்தகை பெறுபவர் நிலமுடையவர். வாடகை வீட்டில் வசிப்பவருக்கும், நிலத்தடி உரிமை முன்பே கைமாறிப்போன நிலத்தில் இருப்பவருக்கும் முன்பணமில்லை, ராயல்டியுமில்லை. எனினும், ஒரு கிணற்றுக்கு நூற்றுக்கணக்கில் வந்து செல்லும் லாரிகளின் புழுதியும் இரைச்சலும், குடிநீர் பற்றிய அச்சமும் அவர்களுக்கும் பொதுவே. மேற்கூறிய 13-வது சட்டம் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் விதித்து, அதில் ஒரு பகுதியை உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு வழங்குவதால் இக்குறை ஓரளவே நீங்குகிறது. நிலமில்லாதவரின் குரலைக் கேளாத நிலக்குழு, கூட்டுறவின் பெயரால் சிலரது ஆதாயத்தைத் தேடியதாகவே முடியும். வேண்டாம் என்று மறுப்பதும் மக்களின் உரிமையே. அண்டை ராஜ்யமான நியூயார்க், இவ்வகைத் துளையிடுதலை 2014-ம் ஆண்டில் தடை செய்ய முடிவெடுத்து, 2020-ல் சட்டமாகவே ஆக்கிற்று.

நாம் அறிய வேண்டியது

நம் நாட்டில் வாயு எடுக்கும் உரிமத்தை வழங்குவது அரசாங்கம். நிலச் சொந்தக்காரர் அன்று. மேலும் காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், வாயுத் துரப்பணம் செய்வதை 2020-ம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே பென்ஸில்வேனியாவின் குத்தகையை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. ஆனால் காற்றாலைக்கும், சூரிய மின் நிலையத்துக்கும், கல் குவாரிக்கும் நிலம் கேட்டு வருபவர் நம் கிராமங்களிலும் உண்டு. அப்பொழுது அவசரப்பட்டுத் தனியே கையெழுத்திடாமல், ஊரார் ஒன்று கூடிப் பேசுதல், நீரையும் நிலத்தையும் முன்கூட்டி அளந்து பதிவு செய்தல், இசைந்ததை எழுத்தில் பெறுதல், கணக்கைப் பார்க்கும் உரிமையைக் கைவிடாதிருத்தல் ஆகிய நான்கும் எந்நாட்டவர்க்கும் பொருந்தும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. டிமாக் ஊராரிடம் நீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்திருப்பின் என்ன மாறுதல் விளைந்திருக்கும்?

2. வாயு விற்பனை 1,000 டாலர், செலவு 300 டாலர், ராயல்டி எட்டில் ஒன்று எனில், செலவு கழித்தும் கழியாமலும் சொந்தக்காரர் பெறும் தொகை எவ்வளவு?

3. உங்கள் ஊரில் நிலக்குழு ஒன்று அமைப்பதாயின், நிலமில்லாதவர்க்கு அதில் எவ்வகையில் இடமளிப்பீர்கள்?