முழங்கால் மடிப்பில் துடிக்கும் வீக்கம்

கேள்வி: என் தம்பிக்கு மார்ஃபான் நோய். இப்போது முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருக்கிறதாம். வலியே இல்லை. அறுவை சிகிச்சை அவசியமா? ஸ்டென்ட் வைத்தால் போதாதா?

பதில்: வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்த இடத்து வீக்கம் வெடிப்பது அரிது. உள்ளே உறையும் ரத்தம் பாதையை அடைத்துக் காலையே பறிப்பதுதான் பெரிய ஆபத்து. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பொதுவாகச் சரிசெய்துவிடுவார்கள்.

ஸ்டென்ட் எளிது என்று தோன்றும். ஆனால் அது உள்ளிருந்து தமனிச் சுவரை நெட்டித் தள்ளித்தான் நிற்கிறது. மார்ஃபானில் ஃபைப்ரில்லின் என்ற புரதக் குறையால் அந்தச் சுவரே பலவீனம். நாளடைவில் விரிந்து பிடி தளரலாம். அதனால், உடல் தாங்குமானால், வீங்கிய பகுதியைக் கட்டி ஒதுக்கிவிட்டு, காலின் சிரையை எடுத்து மாற்றுப்பாதை போடுவதே என் தேர்வு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மார்ஃபானைப் போலவே தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லோஸ் நோயில் தமனி ஈரக் காகிதம்போல் கிழியும், தையலே நிற்காது. அங்கே முடிந்தவரை கத்தியைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். எந்த நோய் என்பதை மரபணுப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தம்பியின் மகாதமனியையும் மறு காலையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பரிசோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் மார்ஃபான் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.