அளவு ஜாக்கெட் போல ஓர் அளவு பேண்ட்

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஓர் அளவு ஜாக்கெட்டையும் கொடுத்துவிடுவது நம் வழக்கம். தைத்து வந்தது பிடித்தாலும் தொளதொளத்தாலும் குறை தையலில்தான் என்போம்; உடம்பைக் குறை சொல்ல மாட்டோம். ஜீன்ஸ் வாங்கப் போனால் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. தொடையைத் தாண்டி ஏறாத ஒன்று, ஏறியும் பின்னிடுப்பில் கை நுழையும் அளவுக்கு விலகி நிற்கும் இன்னொன்று என்று நாலைந்து போட்டுப் பார்த்ததும், ‘எனக்கு ஜீன்ஸ் ஒத்துவராது’ என்று வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இடுப்பு ஒடுங்கி, அதற்குக் கீழே அகன்ற உடல்வாகு உள்ள பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. லேபிளில் உள்ள எண் இடுப்பை மட்டுமே சொல்கிறது. பேண்ட் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது இடுப்புக்கும், தையல்காரர்கள் ‘சீட்’ என்று சொல்லும் பின்புறச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். அகன்ற இடத்துக்கு வாங்கி, ஒடுங்கிய இடத்தில் பிடித்துத் தைத்துக்கொள்வதுதான் வழி.

அந்த எண் வேதவாக்கல்ல என்பதற்கு அது பிறந்த கதையே சாட்சி. லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் ரிவெட் வைத்த பேண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1873-ல். அது ஆண் தொழிலாளர்களின் உடுப்பு. பெண்களுக்கென்று ஸ்ட்ராஸின் லீவைஸ் நிறுவனம் ஜீன்ஸ் கொண்டுவர 1934 ஆகிவிட்டது. பெண்களின் ரெடிமேட் அளவுகளுக்காக அமெரிக்க வேளாண் துறை 1939-40-ல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தபோது, வெள்ளையர் அல்லாதவர்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை ஒட்டி 1958-ல் வந்த அளவுத்தரமும் 1983-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்தியர்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் உருவாக்க, 6 நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் கையில் எடுத்தது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். ஆகவே ஒரு கடையின் 32 இன்னொரு கடையில் 34 ஆவதில் வியப்பில்லை. லீவைஸ் நிறுவனமே 2010-ல் பெண்கள் ஜீன்ஸை உடலின் வளைவை வைத்து மூன்று வடிவங்களாகப் பிரித்து விற்றது. வித்தியாசம்தான் முக்கியம் என்பதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

முதல் வேலை, அளவெடுப்பது. பேண்ட்டின் பட்டி உங்களுக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இஞ்ச் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். அடுத்து, இரு கால்களையும் சேர்த்து நின்று, பின்புறம் மிக அகன்ற இடத்தை அளவெடுங்கள். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து, டேப் பின்னால் இறங்காமல் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொடையின் பருத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு 30 அங்குலம், சீட் 42 என்றால் வித்தியாசம் 12. கடைகளின் அளவுப் பட்டியல்களில் பெரும்பாலும் இது 9 அல்லது 10 அங்குலமாகத்தான் இருக்கும். இடுப்பை நம்பி வாங்கினால் சீட்டில் இரண்டு, மூன்று அங்குலம் போதாது. சீட்டை நம்பி வாங்கினால் இடுப்பில் இரண்டு, மூன்று அங்குலம் கூடும். கூடுதல் துணியைப் பிடித்துவிடலாம். இல்லாத துணியை எந்தத் தையல்காரராலும் கொண்டுவர முடியாது. ஆகவே சீட் அளவை வைத்தே வாங்குங்கள்.

இரண்டாவது, போட்டுப் பார்ப்பதற்கு முன் வெட்டைப் பார்ப்பது. ஜீன்ஸின் பின்பக்கம், பட்டிக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே ‘வி’ வடிவத்தில் ஒரு துண்டு இணைந்திருக்கும்; அதன் பெயர் யோக். ரவிக்கையில் டாட் செய்யும் வேலையை இங்கே யோக் செய்கிறது. ‘வி’ ஆழமாக இறங்கினால் துணி வளைவுக்கு இடம் கொடுக்கும். ஏறக்குறைய நேர்கோடாக ஓடினால் பின்புறம் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, பேண்ட்டை நீளவாக்கில் பாதியாக மடித்து மேசையில் போடுங்கள். பட்டி நேராக நீண்டால் பின்னால் விலகி நிற்கும். பிறைபோல வளைந்தால் இடுப்பைத் தழுவும். கடைசியாக, கால்கள் சேரும் தையலிலிருந்து பட்டி வரை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பின்பக்கம் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும்போதெல்லாம் பட்டி கீழே இறங்கும். ஹை வெயிஸ்ட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. அது உடலின் மிக ஒடுங்கிய இடத்தில் வந்து நிற்பதால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது; வளைந்த பட்டி இருந்தால்தான் பலன்.

மூன்றாவது, ட்ரையல் ரூமில் சுருக்கங்களைப் படிப்பது. ஜிப்பிலிருந்து இரு பக்கமும் கோடுகள் ஓடினாலும், பக்கவாட்டுப் பாக்கெட்டுகள் வாயைப் பிளந்தாலும் சீட் பிடிக்கிறது. பின்பட்டிக்குக் கீழே துணி படுக்கையாக மடிந்து நின்றாலும் பல நேரம் காரணம் அதுதான்: கீழே இறங்க இடமில்லாத துணி மேலே சேர்ந்துவிடுகிறது. இவற்றைக் கண்டால் ஒரு சைஸ் மேலே போங்கள். சீட்டும் தொடையும் சமமாகப் படிந்து, பின்னிடுப்பு மட்டும் விலகி நின்றால் அந்தப் பேண்ட் உங்களுக்கானது. நின்று பார்த்தால் மட்டும் போதாது. நாற்காலியில் உட்காருங்கள், குத்துக்காலிட்டுப் பாருங்கள், பஸ் படி ஏறுவதுபோல் காலைத் தூக்குங்கள்.

‘ஸ்டிரெச் துணி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?’ என்று கேட்கலாம். ஸ்டிரெச் உதவும், ஆனால் வெட்டின் குறையை அது தீர்க்காது. இறுக்கமான துணி விரிந்து கொடுத்தாலும், திரும்பிச் சுருங்கும் முயற்சியில் மேலே உள்ள பட்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பருத்தியோடு 1 அல்லது 2 சதவீதம் எலாஸ்டேன் கலந்த கெட்டித் துணி போதும். அகலவாக்கில் இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்ல துணி. சூடு எலாஸ்டேனுக்கு ஆகாது என்பதால் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

நான்காவது, ஆல்டரேஷன். பருத்தி சுருங்கும் என்பதால் இரண்டு முறை துவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். ‘பின் நடுத்தையலில் பட்டியைப் பிரித்து, யோக் வழியாகச் சீட் வரை சாய்வாகப் பிடித்துத் தாருங்கள்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பட்டியில் மட்டும் ஒரு டாட் வைத்தால் அதற்குக் கீழே துணி குடைபோல் நிற்கும். ஒன்றரை அங்குலம் வரை இந்த வழியில் அழகாக வரும். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்; மிச்சத்தை இரு பக்கத் தையல்களிலும் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். பெல்ட் போட்டால் போதாதா என்றால், போதாது. பெல்ட் துணியைக் குறைப்பதில்லை, சுருக்கிப் பிடிக்கிறது. உட்கார்ந்தால் அந்தச் சுருக்கம் இடுப்பில் உறுத்தும். கூலி வீண் செலவு என்பவர்கள், பொருந்தாமல் பீரோவில் கிடக்கும் பேண்ட்டின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அடிக்கடி காதில் விழும் யோசனை, ‘கொஞ்சம் உடம்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது. எடை குறைந்தால் இடுப்பும் சீட்டும் சேர்ந்தே குறையும். இடுப்பெலும்பின் அகலம் குறையாது. சின்ன சைஸிலும் அதே விலகல் பின்னால் காத்திருக்கும். அதுவரை பொருந்தாத உடையில் காலம் தள்ளச் சொல்வது ஒரு பெண்ணின் அன்றாட நிம்மதியை ஒத்திப்போடச் சொல்வதாகும்.

ஒரு பேண்ட் இப்படிச் சரியாக அமைந்துவிட்டால், அதை மேசையில் விரித்து இடுப்பு, சீட், தொடை, முன் உயரம், பின் உயரம், கால் நீளம் ஆகிய ஆறையும் அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது, உடல் அளவைத் தரும் பட்டியலோடு உங்கள் உடல் அளவையும், துணி அளவைத் தரும் பட்டியலோடு இந்த ஆறையும் ஒப்பிடுங்கள். ஃபார்மல் பேண்ட் தைக்கக் கொடுத்தால் அந்தப் பேண்ட்டையே கூடக் கொண்டுபோங்கள். அளவு ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவு பேண்ட்டும் இருக்கட்டும். அடுத்த முறை ஏதாவது பொருந்தாமல் போனால், குறை எதில் என்று அதை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.