கோடைக்கால மலைப்பயணம்: நோயுடையோரும் குடும்பத்தாரும் கற்க வேண்டிய பாடம்

சித்திரை பிறந்ததும் தருமபுரி மாவட்டத்தில் வெயில் கடுமையாகிறது. பள்ளிகள் விடுமுறையில் இருக்கின்றன, மாந்தோப்புகளில் அறுவடை தொடங்குகிறது, இல்லந்தோறும் "இந்த ஆண்டு எந்த மலைக்குச் செல்வது?" என்னும் பேச்சு எழுகிறது. அப்பேச்சில் ஒரு குரல் மட்டும் ஒதுங்கி நிற்கும். "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்று தாத்தாவோ பாட்டியோ கூறுவர். வேறு சில இல்லங்களில், "ஒரு நாள்தானே, மாத்திரையை ஊருக்குத் திரும்பியபின் போட்டுக்கொள்ளலாம்" என்று தேற்றி அழைத்துச் செல்வர். முன்னது தேவையற்ற அச்சம்; பின்னது ஆபத்தான துணிவு.

நோய் கட்டுக்குள் உள்ள ஒருவர், மருத்துவரின் ஒப்புதலுடன் நம் மலைகளுக்குத் தாராளமாகச் சென்று வரலாம். அதற்கு ஒரு விதி உண்டு. மருந்து, உணவு, ஓய்வு ஆகிய மூன்றின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்பப் பயணத்தை வகுக்க வேண்டும். பயணத்திற்காக அம்மூன்றையும் மாற்றலாகாது. இக்கட்டுரை இவ்விதியைப் படிப்படியாக விளக்குகிறது.

1. எந்த மலை?

மலை என்றவுடன் பலர் உயரத்தை எண்ணி அஞ்சுகின்றனர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் மட்டுமே 2,637 மீட்டர். ஆகவே இதயமும் நுரையீரலும் நலமாக இருப்போருக்கு உயரம் பெரிய இடரன்று. ஆயினும் உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வளவு குறையும். இதயத் தளர்ச்சி, நாள்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை ஆகியவை உடையோர் இதை உணர்வர்.

உயரத்தினும் கருத வேண்டியது தொலைவு. தருமபுரியிலிருந்து சேலம் வழியாக ஏற்காடு 100 கிலோமீட்டருக்குள் அடங்கும். காலையில் சென்று மாலையில் திரும்பலாம். சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக உதகை ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இரண்டு இரவுகளேனும் தங்கும் திட்டமின்றிச் செல்வது நோயுடையோருக்கு உகந்ததன்று. அண்மையில் உள்ள வத்தல்மலையும் அரைநாள் பயணத்திற்கு ஏற்றதே. முதன்முறை நோயாளரை அழைத்துச் செல்லும் குடும்பம் அண்மையிலுள்ள மலையைத் தேர்ந்தெடுப்பது நன்று.

2. மருத்துவரைக் கேட்காமல் புறப்படலாகாதோர்

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கட்டுக்குள் வராதவர், ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குபவர், வலிப்பு நோயுடையவர், அரிவாள் செல் இரத்தசோகையுடையவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோர் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே கேட்பது நல்லது. மருந்தின் அளவை மாற்ற நேர்ந்தால் அதன் விளைவைக் கண்டறிய அவகாசம் கிடைக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறையைக்கூடத் தவறவிடலாகாது. இரு முறைகளுக்கு இடைப்பட்ட நாளில் ஒருநாள் பயணமாகச் சென்று திரும்பலாம். மலைச்சந்தையில் விற்கும் ஆரஞ்சும் வாழைப்பழமும் பொட்டாசியம் மிகுந்தவை. அவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நீரின் அளவும் வீட்டில் உள்ளவாறே இருக்கட்டும்.

3. நேர அட்டவணை: ஓர் எடுத்துக்காட்டு

ஐவர் கொண்ட ஒரு குடும்பம் உதகை செல்ல எண்ணுகிறது என்று கொள்வோம். தந்தைக்கு வயது அறுபத்தைந்து; காலையும் இரவும் இன்சுலின் போடுபவர்; இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்பவர். அவருடைய நாள் இவ்வாறு அமைந்துள்ளது: காலை 8 மணிக்கு இன்சுலினும் சிற்றுண்டியும், 11 மணிக்குச் சிறு தீனி, 1 மணிக்கு மதிய உணவு, இரவு 8 மணிக்கு மீண்டும் இன்சுலினும் உணவும். பயணத்தை இதன்மீது பொருத்துவோம்.

காலை 5.30: தருமபுரியிலிருந்து புறப்பாடு.
காலை 8.00: பவானியை ஒட்டிய பகுதியில் சிற்றுண்டி. உணவு இலைக்கு வந்த பின்னரே இன்சுலின் போட வேண்டும். ஊசி போட்டுவிட்டு, கூட்டம் மிகுந்த உணவகத்தில் அரைமணி காத்திருப்பதால் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும்.
காலை 10.30: மேட்டுப்பாளையத்தில் அரைமணி ஓய்வு, கழிப்பறை, சிறு தீனி, சர்க்கரை அளவுப் பரிசோதனை.
காலை 11.00: மலையேற்றம்.
பகல் 1.00: குன்னூரில் உணவு. நெரிசலால் வாகனம் நடுவழியில் நின்றாலும் பசி தாங்கும் வகையில், இட்லியோ சப்பாத்தியோ கைவசம் இருக்க வேண்டும்.
மாலை 3.00: உதகையில் அறைக்குச் சென்று ஓய்வு. அன்று வேறெங்கும் செல்ல வேண்டா.

கோடை விழாக் காலத்தில் குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைப்படுத்தப்படுவது வழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன் அப்போதைய விதியை அறிந்து பதிவு செய்துகொள்க. சோதனைச் சாவடியில் வெயிலில் காத்திருக்கும் ஒரு மணி நேரம், நலமாக இருப்பவருக்குச் சலிப்பு. நோயாளருக்கு அது தவறிய ஒரு வேளை உணவாகிவிடும்.

4. மருந்துப் பை

பயண நாள்களுக்கு உரிய மருந்துடன் மேலும் மூன்று நாளுக்கானதையும் எடுத்துக்கொள்க. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் வழியே மாத்திரை பெறுவோர் கையிருப்பை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகலும் உடனிருக்கட்டும். இப்பை நோயாளரின் மடியருகே இருக்க வேண்டும். பின்புறப் பெட்டியிலோ கூரைமீதோ வைக்கலாகாது.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரி செல்சியசுக்கு உட்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் வெப்பம் அதைவிட மிகுதியாக உயரும். ஆகவே ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானையிலோ குளிர்காப்புப் பையிலோ வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

நீர் மாத்திரை உண்பவர் பலர், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சி அன்று அதை விட்டுவிடுகின்றனர். பெண்கள் பலர் அதே காரணத்தால் தண்ணீரே அருந்துவதில்லை. முன்னவருக்கு மூச்சுத்திணறல் வரக்கூடும். பின்னவருக்குச் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். மாத்திரையைச் சேருமிடம் சென்றபின் உண்ணலாமா என மருத்துவரைக் கேட்டறிக. நிறுத்தங்களைக் கழிப்பறை உள்ள இடங்களில் அமைத்துக்கொள்க. மலைப்பகுதிகளில் நெகிழிப் புட்டிகளுக்குத் தடை உள்ளதால், எவர்சில்வர் புட்டியில் வீட்டு நீரை எடுத்துச் செல்வதே சிறப்பு.

5. வளைவில் வரும் வாந்தி

இப்பாடத்தில் மிக முதன்மையான பகுதி இதுவே. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைப் பாதையில் 70. இத்தகைய பாதைகளில் தலைசுற்றலும் வாந்தியும் இயல்பு. வயிறு நிரம்ப உண்ணாமை, முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையை நிறுத்துதல், கைப்பேசியைப் பார்க்காமை, சாளரத்தைச் சற்றே திறந்துவைத்தல் ஆகியவை உதவும். வாந்தித் தடுப்பு மாத்திரைகளுள் பல உறக்கம் தருவன. ஓட்டுநர் அவற்றை உண்ணலாகாது.

ஆனால் வளைவில் வரும் வாந்தி எல்லாம் மலைப்பாதையால் வருவதன்று. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். மாரடைப்பும் வியர்வை, வாந்தி, மேல்வயிற்று வலி என்னும் வடிவில் வரலாம். சர்க்கரை நோயுடையோருக்கு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். "மலை ஏறினால் இப்படித்தான், சற்றுக் கண்மூடிப் படுங்கள்" என்று கூறிப் பயணத்தைத் தொடர்வதால் அரிய நேரம் வீணாகிறது.

ஆகவே நோயாளருக்கு மயக்கமோ வாந்தியோ வந்தால், பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்தி மூன்று செயல்களைச் செய்க. முதலாவது, சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கருவி இல்லையெனில், ஐயத்தின் பயனாகக் குளுக்கோஸ் கொடுப்பதே பாதுகாப்பு. இரண்டாவது, நெஞ்சு, தாடை, இடக்கை, மேல்வயிறு ஆகியவற்றில் வலியோ அழுத்தமோ உண்டா எனக் கேட்க வேண்டும். மூன்றாவது, வலி இருந்தாலும், கை கால் தளர்ந்தாலும், வாய் கோணினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் பலகைகள் உண்டு. கடந்துவந்த வளைவின் எண்ணை யாரேனும் ஒருவர் நினைவில் வைத்திருக்கட்டும். "ஏற்காடு செல்லும் வழியில் ஏழாவது வளைவு" என்று சொல்வது, "ஏதோ ஒரு மரத்தடியில் நிற்கிறோம்" என்பதைவிட ஆம்புலன்சை விரைந்து கொண்டுவரும்.

6. ஓட்டுபவருக்கு

நம் மாவட்டத்தார்க்கு மலைப்பாதை ஏற்காட்டு அடிவாரத்தில் தொடங்குவதில்லை. தொப்பூர் கணவாயிலேயே தொடங்கிவிடுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் அச்சரிவில் பாரம் ஏற்றிய லாரிகள் நிலைதடுமாறி நேர்ந்த விபத்துகள் பல. அங்கு லாரிகளுக்கு முன்னும் பின்னும் போதிய இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்துச் செல்க.

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறுகிய பாதையில் ஏறிவரும் வாகனத்திற்கு வழிவிடுவது விதி. ஓட்டுபவர் முந்தைய இரவு நன்கு உறங்கியிருக்க வேண்டும். வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் புறப்படுவது உறக்கத்தை அழைப்பதாகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வாகனத்தை நிறுத்தி அனைவரும் சற்று நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்திருப்போருக்குக் காலின் உட்புற நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது.

7. மலைமேல்

ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. தருமபுரியின் வெயிலுக்கு உகந்த மெல்லிய ஆடை உதகையின் இரவுக்குப் போதாது. குளிர் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், ஆஸ்துமாவைத் தூண்டும். உறிஞ்சு மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். அதில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோவர். இவ்வெச்சரிக்கை நலமாக உள்ளோருக்கும் உரியதே.

குரங்குகளுக்கு உணவளித்தல் வேண்டா. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

8. வீட்டில் செய்து பார்க்க

இவ்விதழை மூடுமுன் ஒரு தாளில் கீழ்க்காணும் வினாக்களுக்குக் குடும்பத்தோடு விடை எழுதுக.

நம் வீட்டு நோயாளரின் மருந்து நேரமும் உணவு நேரமும் எவை?
அந்தந்த நேரத்தில் நம் வாகனம் எந்த ஊரில் இருக்கும்?
வழியிலும் சேருமிடத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகள் எவை?
சர்க்கரை அளக்கும் கருவியை இயக்கத் தெரிந்த மற்றொருவர் யார்?
வழியில் முடியாமற்போனால், எந்த இடத்திலிருந்து வீடு திரும்புவோம்?

இறுதி வினாவே கடினமானது. அறைக்கு முன்பணம் செலுத்தியிருப்போம். பிள்ளைகள் ஆவலோடு இருப்பர். நோயாளரோ "என்னால் உங்கள் மகிழ்ச்சி கெட வேண்டா" என்று வலியை மறைப்பார். அதனால்தான் திரும்பும் முடிவைப் புறப்படுமுன்னரே அனைவரும் கூடி எடுத்தல் வேண்டும். "மேட்டுப்பாளையத்தில் உங்களுக்கு முடியவில்லை என்றால் அங்கிருந்தே திரும்புவோம், அதில் யாருக்கும் வருத்தமில்லை" என்று முன்னதாகச் சொல்லி வைத்தால், அவர் வலியை மறைக்க வேண்டிய நிலை வாராது. மலை அடுத்த கோடையிலும் அங்கேயே இருக்கும். நலமுடன் சென்று நலமுடன் திரும்புவீராக.