பேஸ் பாக்ஸ் எரிவது ஏன்?



இந்த வருஷம் ஆண்டு விழாவில் கீபோர்டு, டிரம்ஸோடு பேஸ் கிடாரும் வாசிக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. "பிரேயர் ஹால்லதான் ஆம்ப்ளிபயர் இருக்கே, அதுலயே சொருகிட்டா போச்சு" என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சொருகினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, இங்கே எழுதி ஒட்டிவிடலாம் என்று தோன்றியது. என் மாமா மூலக்குளத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். லீவு நாளில் ஒயர் சுற்றுவது என் வேலை. அங்கே பார்த்ததையும், இயற்பியல் புத்தகத்தில் படித்த ஓம் விதியையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேஸ் கிடாருக்கு ஏன் இவ்வளவு கவலை? இளையராஜா பாட்டைக் கேட்கும்போது அடியில் தனியாக ஒரு கனமான ஓசை நடந்து போகும் அல்லவா, அதுதான் பேஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 முறைதான். பாதி. ஆனால் அதே சத்தம் வர வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு நகர வேண்டும். பேச்சுக்கு என்று செய்த பாக்ஸில் பேஸை விட்டால் கோன் அதன் எல்லைக்கு வெளியே போய் "டப் டப்" என்று அடிக்கும். அதை நல்ல பேஸ் என்று ரசிக்கிறவர்களும் உண்டு! கொஞ்ச நேரத்தில் கோன் கிழியும், இல்லையென்றால் காயில் உரசி நிற்கும். வாட் கணக்கு சரியாக இருந்தாலும் இது நடக்கும்.

இனி ஓம். பாக்ஸின் பின்னால் 8 ஓம், 4 ஓம் என்று போட்டிருக்கும். ஆம்ப்ளிபயரின் பின்னால் "குறைந்தது 4 ஓம்" என்று இருக்கும். ஒரு 8 ஓம் பாக்ஸ் மாட்டினால் 8. அதன் முதுகிலிருந்தே இன்னொரு 8 ஓம் பாக்ஸுக்கு ஒயர் எடுத்தால் அது பக்க இணைப்பு, மொத்தம் 4 ஓம். மூன்றாவதையும் மாட்டினால் 2.67. நாலு மாட்டினால் 2. பாக்ஸ் கூடக் கூட ஓம் குறைகிறது, இதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். ஆம்ப் 40 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் 5 ஆம்பியர், 200 வாட். 4 ஓமில் 10 ஆம்பியர், கணக்குப்படி 400 வாட். (நிஜத்தில் கொஞ்சம் குறையும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் அவ்வளவு தாங்காது.) 2 ஓமில் 20 ஆம்பியர். அந்த நேரத்தில் எரிவது பாக்ஸ் இல்லை, ஆம்ப்ளிபயரின் டிரான்சிஸ்டர்.

8 ஓமையும் 4 ஓமையும் ஒன்றாக மாட்டினால் இன்னொரு வேடிக்கை. மொத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை 4 ஓம் பாக்ஸே சாப்பிட்டுவிடும். அது சின்ன பாக்ஸாக இருந்தால் பாவம்.

இப்போது நம் பிரேயர் ஹாலுக்கு வருகிறேன். அங்கே இருப்பது கோயில் திருவிழாவில் பயன்படுத்தும் வகை ஆம்ப்ளிபயர். வீராம்பட்டினம் தேரோட்டத்துக்கோ மாசி மகத்துக்கோ போனால் பார்த்திருப்பீர்கள், தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தால் ஒயரிலேயே சக்தி வீணாகும். அதனால் மின்வாரியம் செய்வதைப் போலவே இங்கேயும் வோல்ட்டைக் கூட்டி, ஆம்பியரைக் குறைத்து அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் 100 வோல்ட் லைன். 200 வாட்டுக்கு 2 ஆம்பியர் போதும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்து வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும். இதில் ஓம் கணக்கே வேண்டாம். எல்லாக் குழாயின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த 100 வோல்ட் முனையில் 8 ஓம் பேஸ் பாக்ஸை நேராக மாட்டினால்? நூறை நூறால் பெருக்கி எட்டால் வகுங்கள். 1250 வாட்! ஆம்ப்பால் அவ்வளவு கொடுக்க முடியாது, ஆனால் கொடுக்கப் பார்க்கும். ஒன்று ஆம்ப் போகும், இல்லை பாக்ஸ் போகும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் வேறு ஒரு செட்காரர் இப்படி மாட்டி, முதல் பாட்டு முடிவதற்குள் பாக்ஸிலிருந்து புகை வந்ததை நேரில் பார்த்தேன். அன்றைய வாடகையும் போச்சு, காயில் கட்டும் செலவும் வந்தது. அவருக்கு அது ஒரே பாக்ஸ். அதே ஆம்ப்ளிபயரில் 4, 8, 16 ஓம் என்று தனி முனைகளும் இருக்கும். பாக்ஸை மாட்ட வேண்டியது அதில்தான்.

வாட் விஷயத்தில் ஏமாற்று வேலை நிறைய. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டைப் பெட்டியில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே 24 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்? நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் மட்டும்.

அந்த வாட்டும் முழுக்கச் சத்தமாக மாறுவதில்லை. நல்ல ஸ்பீக்கரிலேயே 100 வாட்டில் நாலைந்து வாட்தான் ஒலி, மிச்சமெல்லாம் காயிலில் சூடு. ஸ்பீக்கர் என்பது கொஞ்சம் பாடத் தெரிந்த ஹீட்டர் என்று மாமா சொல்வார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் சத்தம் போதவில்லை என்றால் வால்யூமைத் திருகுவதைவிட, ஓம் இடம் கொடுத்தால் இன்னொரு பாக்ஸ் வைப்பதே நல்லது.

"சின்ன ஆம்ப் வச்சா பாக்ஸுக்கு ஆபத்தே இல்ல" என்றும் சொல்கிறார்கள். இது பாதிதான் சரி. 100 வாட் ஆம்ப்பை அதன் சக்திக்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகும். சதுர அலையில், அதே உயரமுள்ள சைன் அலையைப் போல் இரண்டு மடங்கு வரை சக்தி இருக்கும். ஆக 100 வாட் ஆம்ப்பிலிருந்து 200 வாட் வரை வரலாம். 300 வாட் பேஸ் பாக்ஸ் அதைத் தாங்கும். 100 வாட் பாக்ஸ் தாங்காது. உள்ளே ட்வீட்டர் இருந்தால் அதுதான் முதலில் போகும். கரகரப்பு கேட்டவுடன் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவைதான். 1969-ல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு பேஸ் ஆம்ப்பைக் கொண்டுவந்தது. ஒரு பாக்ஸை மட்டும் நம்பாமல், எட்டு பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பாக்ஸ் இரண்டை அதற்கு ஜோடியாக வைத்தார்கள். 300-ஐ 16 ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 19 வாட் கூட வராது. வால்வு ஆம்ப் பற்றி ஒரு வார்த்தை: அதைப் பாக்ஸ் மாட்டாமல் ஆன் செய்து வாசிக்கவே கூடாது. நம் கையில் அது கிடைக்கப் போவதில்லை, ஆனாலும் ஜூன் 21 இசைத் திருவிழாவுக்கு டவுனில் வரும் குழுக்கள் யாராவது வைத்திருந்தால் தொட்டுவிடாதீர்கள்.

ஒயரை மறந்துவிடக் கூடாது. கிடாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயரும், ஆம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஒயரும் முனையில் ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே வேறு வேறு. கிடார் ஒயர் முடி மாதிரி மெல்லிசு. அதில் 10 ஆம்பியர் போனால் சூடாகி உருகி ஷார்ட் ஆகும். பாக்ஸுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர்தான் வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதும் ஆம்ப் ஆஃப் ஆன பிறகு.

நம் விழாவுக்கு என் யோசனை இது. பேஸுக்குத் தனி ஆம்ப், தனி பாக்ஸ். பாக்ஸின் ஆர்.எம்.எஸ். வாட், அந்த ஓமில் ஆம்ப் கொடுக்கும் வாட்டுக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். ஆம்ப் ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கலாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், அவர்கள் காது பழகிய காது. நமக்கு அது வேண்டாம்.

ஸ்டோரில் கிடக்கும் இரண்டு கறுப்பு பாக்ஸிலும் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, எத்தனை ஓம் என்று தெரியவில்லை. மல்டிமீட்டரில் அளந்தால் 8 ஓம் பாக்ஸ் 6 சுமார் காட்டும், 4 ஓம் பாக்ஸ் 3 சுமார் காட்டும். குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது காயிலின் வெறும் மின்தடையைத்தான். இயற்பியல் லேபில் மீட்டர் இருக்கிறது. சார் அனுமதித்தால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளந்து, பாக்ஸின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். அதுவரை யாரும் எதையும் எதிலும் சொருக வேண்டாம்.