பழைய சேலையில் புதிய பை: வீட்டுத் தையல் பாடம்



மஞ்சள் பை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஊரும் பயணமும்தான். ஜவுளிக் கடையில் துணி எடுத்தால் ஒரு பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு ஒரு பை. மாற்றுத் துணியையும் பலகாரத்தையும் அதில் வைத்துக்கொண்டு ரயிலேறி, பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து இறங்கியவர்கள் பலர். பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. மஞ்சள் பையோடு வருகிறவரைப் பட்டிக்காட்டார் என்று கேலி செய்யும் வழக்கமும் கூடவே வந்தது.

இன்று காலம் திரும்பியிருக்கிறது. கர்நாடக அரசு 2016 மார்ச் மாதத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கேலிக்கு ஆளான பை அரசு இயக்கத்தின் பெயராகிவிட்டது.

ஆனாலும் நம் வீடுகளைப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் பத்துத் துணிப்பைகள் தொங்கும். ஒன்றில் காது பிய்ந்திருக்கும். ஒன்றில் உள்ளே நூல் நூலாகப் பிரிந்திருக்கும். இன்னொன்றில் தேங்காய் வைத்தால் அடி தாங்காது. கடைக்குப் போகும்போது எதுவும் உதவாது. மறுபடி இன்னொரு பை வாங்குவோம்.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்தியை விளைவிக்கவும், நூற்கவும், நெய்யவும், சாயமிடவும் நீரும் மின்சாரமும் செலவாகின்றன. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதுப் பருத்தியில் செய்த பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான், பருவநிலை பாதிப்பைப் பொறுத்தவரை, அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் பல ஆயிரம் முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒரு முறை கடைக்குப் போனால் 52 முறை என்பது ஒரு வருடம். ஆகவே துணியில் செய்ததாலேயே ஒரு பை நல்ல பை ஆகிவிடாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துணியில் தைத்து, பல வருடங்கள் உழைத்தால்தான் அது நல்ல பை. அப்படி ஒன்றைத் தைப்பதே இந்தப் பாடம்.

கன்னடத்தில் பைக்குச் ‘சீல’ என்று பெயர். பள்ளியில் கன்னடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். நம் காதுக்கு அது ‘சீலை’ என்றே கேட்கும். நாம் தைக்கப் போவதும் சீலையில் ஒரு சீலதான்.

உள்துணி எதற்கு?

பை வழக்கமாக மூன்று இடங்களில் கெடும். ஒன்று, கைப்பிடி சேரும் இடம். இரண்டு, அடி. மூன்று, உள்ளே தெரியும் வெட்டு விளிம்பு. அதிலிருந்து நூல் பிரிந்து வந்து கடைசியில் தையலே விட்டுப் போகும். உள்துணி வைத்தால் வெட்டு விளிம்புகள் எல்லாம் இரண்டு துணிகளுக்கு நடுவே மறைந்துவிடும். கைப்பிடியின் முனையையும் நடுவே இறக்கி, இரண்டு துணிகளோடும் சேர்த்துத் தைக்கலாம். துணியை மடித்து வெட்டுவதால் அடியில் தையலே இல்லை. ஆக மூன்று குறைகளுக்கும் வழி கிடைக்கிறது.

தேவையான பொருட்கள்

வெளித்துணி: கெட்டியான பருத்தித் துணி. பழைய பேன்ட், ஜன்னல் திரை, படுக்கை விரிப்பு எதுவானாலும் சரி. 34 அங்குல நீளம், 16 அங்குல அகலம், ஒரு துண்டு.

உள்துணி: பழைய நூல் சேலை அல்லது வேட்டி. அதே அளவில் ஒரு துண்டு.

கைப்பிடி: வெளித்துணியிலேயே 24 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள். தோளில் மாட்ட வேண்டுமானால் நீளம் 30 அங்குலம்.

பாலியஸ்டர் நூல், 16-ஆம் எண் ஊசி, குண்டூசி, சாக்பீஸ், இஞ்ச் டேப், கத்தரிக்கோல்.

தையலுக்கு விடும் அரை அங்குலமும் இந்த அளவுகளில் அடக்கம்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்கள் சல்லடை போலத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு வெட்டுங்கள். இரு கைகளாலும் இழுத்தால் ‘பர்’ரென்று கிழியும் துணி எதற்கும் ஆகாது. புதிய காடாத் துணிதான் கிடைத்தது என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் வெளித்துணி சுருங்கும், உள்துணி சுருங்காது, பை கோணிக்கொள்ளும். கைப்பிடியைக் கரையை ஒட்டிய நீளவாட்டில், அதாவது பாவு நூல் ஓடும் திசையில் வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் கனத்தில் நீண்டுவிடும்.

செய்முறை

1. கைப்பிடித் துண்டை நீளவாட்டில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டுப் பிரியுங்கள். நடுவில் கோடு விழுந்திருக்கும். இரு விளிம்புகளையும் அந்தக் கோடு வரை மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் நான்கு மடிப்புள்ள ஓர் அங்குலப் பட்டை கிடைக்கும். இரு ஓரங்களிலும் தையல் போடுங்கள். இரண்டு பட்டைகளையும் இவ்வாறே செய்துகொள்ளுங்கள்.

2. வெளித்துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளத்தைப் பாதியாக மடியுங்கள். உயரம் 17 அங்குலம் ஆகும். இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு தையல் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள்.

3. இப்போது அடி. ஒரு மூலையை விரித்து, பக்கத் தையல் அடி மடிப்பின்மேல் நேராகப் படியும்படி வையுங்கள். மூலை முக்கோணமாகும். பக்கத் தையலின் மேல் முனையிலிருந்து 2 அங்குலம் அளந்து குறுக்கே கோடு போடுங்கள். கோட்டின் நீளம் 4 அங்குலம் இருந்தால் சரி. அதன்மேல் இரண்டு முறை தையுங்கள். மறு மூலையையும் இப்படியே தைத்தால் பை தானாக நிற்கும்.

4. உள்துணியையும் இதே முறையில் தையுங்கள். ஆனால் ஒரு பக்கத் தையலின் நடுவில் 5 அங்குலம் தைக்காமல் விடுங்கள். பிறகு பையைத் திருப்புவதற்கு அதுதான் வழி. மறந்துவிட்டால் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

5. வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். வாயின் நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை அங்குலம் தள்ளிக் குறி வையுங்கள். கைப்பிடியின் வளைவு கீழ்நோக்கித் தொங்க, முனைகள் வாய்க்கு மேலே ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி குண்டூசி குத்துங்கள். மறுபக்கமும் அப்படியே. கைப்பிடி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. உள்பையைத் திருப்ப வேண்டாம். அதற்குள்ளே வெளிப்பையை நுழையுங்கள். இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். கைப்பிடிகள் நடுவே இருக்கும். பக்கத் தையல்களைப் பொருத்தி, வாயைச் சுற்றி அரை அங்குலத்தில் தையுங்கள். கைப்பிடி வரும் இடங்களில் மெஷினை ஓடவிடாமல், கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி உடையாது.

7. தைக்காமல் விட்ட வாசல் வழியே பை முழுவதையும் வெளியே இழுங்கள். வாசலின் விளிம்புகளை உள்ளே மடித்துத் தைத்து மூடுங்கள். உள்துணியைப் பைக்குள் தள்ளி, வாயை இஸ்திரி போட்டு, விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் சுற்றித் தையல் போடுங்கள்.

8. கைப்பிடியின் முனை இப்போது இரு துணிகளுக்கும் நடுவே 2 அங்குலம் இறங்கியிருக்கும். அந்த இடத்தில் சிறு கட்டம் போலத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போடுங்கள். நான்கு முனைகளுக்கும் இது வேண்டும். பையின் ஆயுள் இந்த நான்கு கட்டங்களில்தான் இருக்கிறது, அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

தையல் மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். வெறும் ஓட்டுத் தையல் போதாது. ஒரு தையல் பின்னால் குத்தி, இரண்டு தையல் முன்னால் எடுக்கும் கெட்டித் தையல் போட வேண்டும். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் ஆகலாம்.

சோதித்துப் பாருங்கள்

முடிந்த பையின் உயரம் ஏறத்தாழ பதினான்கரை அங்குலம், அடி 11-க்கு 4 அங்குலம். அதில் 5 கிலோ அரிசியை வைத்துப் பத்து நிமிடம் கதவுக் கொக்கியில் மாட்டுங்கள். கைப்பிடி அருகே தையல் துளைகள் பெரிதாகியிருந்தால் அந்த இடத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். வாயோரம் சுருங்கித் தெரிந்தால் உள்துணியை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த பையில் குண்டூசியை நெருக்கமாகக் குத்துங்கள்.

அழுக்கானால் உள்துணியை வெளியே இழுத்துத் துவைத்து, நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் மடித்து அலுவலகப் பைக்குள்ளோ வண்டிப் பெட்டிக்குள்ளோ வைத்துவிடுங்கள். வீட்டில் மறந்துவிட்டு வந்த பை கடையில் உதவாது.

பிள்ளைகளுக்கு இரண்டு கேள்விகள்

அளப்பதையும் கோடு போடுவதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். செய்முறையை அவர்களே சத்தமாகத் தமிழில் படிக்க, நீங்கள் தையுங்கள். பாவு, கரை, விளிம்பு, மடிப்பு போன்ற சொற்கள் அவர்கள் பள்ளியில் கிடைக்காதவை. கையில் துணியோடு கற்றால் மறக்காது. பிறகு கேளுங்கள்:

1. பையின் அடி 6 அங்குல அகலம் இருக்க வேண்டுமானால், முக்கோணத்தின் முனையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கோடு போட வேண்டும்?

2. வாய் 10 அங்குல அகலமுள்ள சிறிய பை வேண்டுமானால், துணியை எவ்வளவு அகலத்தில் வெட்ட வேண்டும்?

(விடைகள்: 3 அங்குலம், 11 அங்குலம்.)

பீரோவின் அடித்தட்டில் யாரும் உடுத்தாத, எறியவும் மனம் வராத ஒரு சேலை எல்லார் வீட்டிலும் இருக்கும். பாட்டியுடையதாக இருக்கலாம், அம்மாவுடையதாக இருக்கலாம். மடித்தே வைத்திருந்தால் அது மடிப்பிலேயே இற்றுப் போகும். பைக்குள் உள்துணியாக வைத்துவிட்டால், காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நம்மோடு வரும்.